மைசெல்ஃப்... ஃப்ரம் கோயமுத்தூர்! (ஒரு சுய அறிமுகத்தின் வரலாறு)

போன செமஸ்டரில் எங்கள் ஆங்கில வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். செல்போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து, நம்மை நாமே அறிமுகப்படுத்திக் கொள்ள வேண்டும். ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தோம். அப்புறம் நிபந்தனைகளைச் சொன்னார் மேடம். "மை நேம் இஸ்" என்று ஆரம்பிக்கக் கூடாது. அப்பா என்ன வேலை என்று சொல்லக் கூடாது. ஹாபி கூடவே கூடாது. வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, அதிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.

வகுப்பே கப்சிப். பேர், ஊர், அப்பா, ஹாபி இந்த நாலையும் எடுத்துவிட்டால் எங்களிடம் ஆங்கிலத்தில் சொல்ல ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நாலு வாக்கியம் எங்கிருந்து நம் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது? தேடிப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும் :)

கதை சுதந்திரத்துக்கு ஓராண்டு முன்னால், அதுவும் நம்ம ஊர்க்காரர் ஒருவரிடம் தொடங்குகிறது. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை நிறுவிய தி.சு.அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தார். பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழியாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அதுவரை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு, வரலாறு என்று எல்லாவற்றோடும் சேர்ந்து வந்த ஆங்கிலம், இனி ஒரு பாடம் மட்டும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஒரு பீரியடுக்குள் ஆங்கிலத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

அதற்கு வந்த பதில்தான் 1959-இல் தொடங்கிய "மெட்ராஸ் ஸ்நோபால்". பேரைக் கேட்டு ஐஸ்கிரீம் என்று நினைக்காதீர்கள். பனிக்கட்டி உருள உருளப் பெரிதாவது போல, முதலில் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி. இப்படியே சுமார் 27,000 ஆரம்பநிலை ஆசிரியர்களைத் தயார் செய்வது திட்டம். பிரிட்டிஷ் கவுன்சில் துணை நின்றது. அப்போதைய கல்வி அமைச்சர் யார் தெரியுமா? பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம். மறுபடியும் கொங்கு நாட்டுக்காரர்!

இந்த முறையில் இலக்கணத்தை விளக்க மாட்டார்கள். வாக்கிய அச்சுகளை எளிதிலிருந்து கடினம் என்று வரிசைப்படுத்தி, பொருளைக் காட்டி, செய்து காட்டி, வகுப்பே சேர்ந்து சொல்லச் சொல்வார்கள். "திஸ் இஸ் எ புக்." "ஐ ஆம் எ பாய்." "மை நேம் இஸ் ராமன்." நாற்பது, ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஆங்கிலம் பேசும் யாரையும் பார்த்தேயிராத கிராமத்தில், வேறு என்ன செய்திருக்க முடியும்? நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், ஐம்பது பேரும் ஒரே அச்சில் தங்களை அறிமுகப்படுத்திக் கொண்டார்கள். பேர் மட்டும்தான் மாறும்.

ஹாபி எப்படி உள்ளே நுழைந்தது? பழைய பத்திரிகைகளின் பேனா நண்பர் பகுதிதான் காரணம் என்பது என் சந்தேகம். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு: தபால்தலை சேகரித்தல். ஆதாரம் கேட்டு அடிக்க வராதீர்கள்.

"மைசெல்ஃப் கார்த்திக்" என்று ஆரம்பிப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. இலக்கணப்படி தப்புதான். ஆனால் எனக்கு ஒன்று தோன்றும். எல்லா வாக்கியத்திலும் ஒரு "ங்க" போட்டுப் பேசிப் பழகியவர்கள் நாம். முன்பின் தெரியாதவர் எதிரில் "ஐ" என்று ஒற்றை எழுத்தோடு நிற்பது என்னமோ மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. "மைசெல்ஃப்" கொஞ்சம் பணிவாக இருக்கிறது, "நானுங்க" என்பது போல.

சரி, கணினி எப்போது வந்தது?

2001 கடைசி வரை கோவைப் பொறியியல் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பிறகு அண்ணா பல்கலைக்கழகம். அதன் 2004 விதிமுறையில் தகவல்தொடர்புத் திறன் ஆய்வகம் என்று ஒரு பாடம் இருந்தது. பிசிக்ஸ் லேப், கெமிஸ்ட்ரி லேப் மாதிரி ஆங்கிலத்துக்கும் லேப்! தன்னை அறிமுகப்படுத்திக் கொள்வது அதில் ஒரு பயிற்சியாகவே எழுதப்பட்டிருந்தது. ஆய்வகத்துக்குத் தேவையான பொருள்களின் பட்டியலில் கணினிகளோடு ஹேண்டிகேமும் உண்டு. மாணவன் பேசுவதைப் படம் எடுத்து, அவனுக்கே போட்டுக் காட்ட. அதுவரை பதிவு என்றாலே பெரும்பாலும் அடுத்தவர் குரல்தான். கேசட்டில் ஒருவர் பேசுவார், நாம் திருப்பிச் சொல்லுவோம். இப்போது முதல்முறையாகத் தன் முகத்தையே பார்க்க வேண்டி வந்தது. எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டார்களோ!

இந்த லேப் வந்த நேரம் முக்கியம். 2007-இல் பொறியியல் நுழைவுத் தேர்வு நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை என்றானது. 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அதே 2010-இல் பீளமேட்டில் டைடல் பார்க் திறந்தது. ஒரு பக்கம் கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் தமிழ் வழியில் படித்தவர்கள் கல்லூரிக்குள் வர, மறுபக்கம் ஐ.டி. கம்பெனிகள் வாசலில் நின்றன. நடுவே ஒரே ஒரு கேள்வி: "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்." நாலு வருடப் படிப்பு அந்த ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொண்டது. பதிலை சீனியர்களிடம் வாங்கி மனப்பாடம் செய்தார்கள். எல்லோருமே "ஹார்ட் வொர்க்கிங்", எல்லோருக்குமே "பாசிட்டிவ் ஆட்டிட்யூட்". 1959-இன் அச்சு அப்படியே, மை மட்டும் புதுசு.

மனப்பாடம் செய்யாமல் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய இடம், சிரிக்காதீர்கள், ஆர்குட். 2004-இல் வந்து 2014-இல் மூடப்பட்ட அந்தத் தளத்தில் "அபவுட் மீ" என்று ஒரு கட்டம் காலியாக இருக்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து அந்தக் கட்டத்தை நிரப்பினவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அவர் சொல்வது: "கேம்பஸ் இன்டர்வியூல சொன்னது ஒண்ணும் ஞாபகமில்ல சாமி. ஆர்குட்ல எழுதுனது இன்னும் ஞாபகமிருக்குது." மார்க் போட யாரும் இல்லை, அதனால் பயமும் இல்லை. எழுத்துப்பிழை ஏராளம். ஆனால் எழுதினது அவராகத்தான் இருந்திருப்பார்.

ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2000களின் இறுதியில் வோக்கி என்று ஒன்று வந்தது. ஒரு பொம்மை முகத்தை நாமே வடிவமைக்கலாம், அது நம் குரலில் பேசும். முகம் காட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு திரை. பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஃப்ளிப்கிரிட். மாணவர்கள் குட்டி வீடியோ போட, மற்றவர்கள் வீடியோவிலேயே பதில் சொல்லலாம். 2018-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2020 கொரோனா ஊரடங்கில் கொடிகட்டிப் பறந்து, 2024-இல் தனித்தளமாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. கருவிகள் இப்படி வரும், போகும். எங்கள் வகுப்பில் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்தான்.

கருவியைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. நேரில் பேசினால் ஒரே முறைதான். தடுமாறினால் முடிந்தது, பின் பெஞ்சில் சிரிப்பு. பதிவு செய்தால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். நான் பதினோரு முறை எடுத்தேன். அந்தப் பதினோரு முறையில் பேசின ஆங்கிலம், பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க நான் பேசினதைவிட அதிகம். சத்தியமாக.

சோமனூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு தோழி, தறியில் ஓடும் நாடாவைக் காட்டினாள். பின்னால் விசைத்தறிச் சத்தம் அடித்துக்கொண்டே இருந்தது. பாவுக்கும் ஊடைக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று தேடிக் கண்டுபிடித்து, "வார்ப்", "வெஃப்ட்" என்று சொன்னாள். அந்த இரண்டு சொல்லும் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது, கான்வென்ட்டில் படித்தவர்களுக்கும்தான். மூன்று வருடத்தில் அன்றுதான் அவளிடம் எல்லோரும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நம் ஊரில் தமிழில் அறிமுகம் எப்படிப் போகும்? "எந்த ஊருங்க?" அப்புறம் "அங்க யாரு ஊடுங்க?" மூன்றாவது கேள்வி எங்கே போய் நிற்கும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பயந்து ஊர்ப் பெயரையே மாற்றிச் சொல்கிறவர்கள் எங்கள் வகுப்பிலும் உண்டு. ஆங்கில அறிமுகத்தில் அந்த மூன்றாவது கேள்விக்கு இடமில்லை. அதனாலேயே அந்தச் செத்துப்போன நாலு வாக்கியம் சிலருக்கு ஒரு நிழல்குடையாக இருந்திருக்கிறது. ஆகவே "உன் வீட்டைக் காட்டு" என்று எல்லோரையும் கேட்பதும் சரியில்லை. ஒருவன் வீட்டுக்குள் எதையும் காட்டாமல், பஸ் பாஸை மட்டும் காட்டி இரண்டு நிமிடம் பேசினான். தினமும் இரண்டு பஸ் மாறி வருவதைப் பற்றி. ஊர்ப் பேர் சொல்லவில்லை. மேடமும் கேட்கவில்லை. நல்ல வீடியோ.

நான் காட்டியது அம்முச்சியின் சுருக்குப் பை. முடித்ததும் அவருக்கே போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கடைசி வரை பார்த்தார்.

"ஊர்ப் பேரச் சொன்னியா கண்ணு?"

"சொன்னேன் அம்முச்சி, அன்னூர் பக்கம்னு."

"யாரு பேத்தின்னு?"

"அதச் சொல்லலீங்க அம்முச்சி."

"அதச் சொல்லாம உன்னைய அவிங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றபடி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுருக்குப் பையையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.