கார்த்திகைக் கூட்டம்: கண் கண்டதும் கணக்குக் கண்டதும்

இரவு வானில் விண்மீன்கள் கூட்டங்கூட்டமாக நிற்பனபோற் காணப்படுதல் யாவரும் அறிந்ததே. ஆயின் அருகருகே தோன்றுவன யாவும் அருகருகே இருப்பன அல்ல. இடபராசியிற் செந்நிறமாக ஒளிரும் உரோகிணியைச் சூழ்ந்து சிறுமீன்கள் பல நிற்கின்றன. ஐயாடீசு என மேனாட்டார் வழங்கும் அக்கூட்டத்துக்குத் தலைமணிபோல உரோகிணி விளங்கினும், அது அக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று. கூட்டம் ஏறக்குறைய 150 ஒளியாண்டுத் தொலைவில் நிற்க, உரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவிலேயே நிற்கின்றது. இரண்டும் ஒரே திசையில் அமைந்தமையால் விளைந்த மயக்கம் அது. அங்ஙனமாயின், அதற்கு அயலிலே செறிந்து தோன்றும் கார்த்திகை உண்மையான கூட்டமா, அன்றி அதுவும் ஒரு மயக்கமா? இவ்வினாவுக்கு விடை காண நெடுங்காலஞ் சென்றது.

கார்த்திகையைப் பண்டைத் தமிழர் அறுமீன் என்றனர்; சங்கச் செய்யுளிலும் அப்பெயர் வருகின்றது. முருகப்பெருமானுக்குப் பாலூட்டிய மகளிர் அறுவராக அதனைக் கொள்ளுதல் புராண மரபு. கிரேக்கரோ எழுவர் உடன்பிறந்த மகளிர் எனக் கொண்டு, அவருள் ஒருத்தி மறைந்தாள் என்றுங் கதை கூறினர். கண்ணுக்குப் பொருந்துவது ஆறென்ற வழக்கே. ஏழாவதாக எண்ணத்தக்க பிளயோனி என்னும் மீன், ஒளி மங்கியதாய், அவ்வொளியுங் கூடிக் குறையும் இயல்பினதாய், அத்திலசு என்னும் மீனை மிக நெருங்கி நிற்கின்றது. எனினும் தெளிந்த வானும் கூரிய பார்வையும் வாய்த்தவர்க்கு மேலும் பல புலனாதல் உண்டு. கெப்ளருக்கு ஆசிரியராயிருந்த மைக்கேல் மெஸ்ட்லின், தொலைகாட்டி தோன்றுதற்கு முன்னரே, 1579 இல் இக்கூட்டத்து மீன்கள் 11 இன் நிலைகளைப் படமாக வரைந்தார்.

1610 இல் வெனிசு நகரில் கலிலியோ வெளியிட்ட சிறு நூலிலே கார்த்திகைக்குரிய படத்தில் 36 மீன்கள் உள்ளன. தொலைகாட்டியால் எண்ணிக்கை பெருகியதேயன்றி வினா தீர்ந்தபாடில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்த பின், 1769 மார்ச் 4 ஆம் நாள், பிரெஞ்சு வானியலறிஞர் சாள்ஸ் மெசியே இதன் நிலையைக் குறித்துத் தம் பட்டியலில் 45 ஆம் எண்ணாகச் சேர்த்தார். அவர் நாட்டமெல்லாம் வால்வெள்ளி தேடுவதிலேயே இருந்தது. வால்வெள்ளியென மயங்கத்தக்கவற்றை விலக்குதற்கு எழுந்ததே அப்பட்டியல். கார்த்திகையை எவரும் வால்வெள்ளியென மயங்கார். அதை அவர் ஏன் சேர்த்தார் என்பது இன்றும் வியப்புக்குரியது.

விடை வந்தது தொலைகாட்டியிலிருந்தன்று, எண்கணக்கிலிருந்தே. கேம்பிரிட்சிற் புவிச்சரிதவியற் பேராசிரியராயிருந்து, பின்னர் யோக்சயர் மாகாணத்துத் தோண்கில் என்னும் ஊரில் மதகுருவாக அமர்ந்த யோன் மிச்செல், 1767 இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை வரைந்தார். அவர் நியாயம் எளியது. கார்த்திகையின் ஆறு மீன்களில் மிக மங்கியதற்கு ஒப்பான அல்லது அதனினும் மிக்க ஒளியுடைய மீன்கள் வானம் முழுவதிலும் ஏறக்குறைய 1500 உள. அவை கைபோனவாறு இறைத்த மணல்போலச் சிதறிக் கிடப்பனவாயின், அவற்றுள் ஆறு இத்துணைச் சிறிய பரப்பினுள் தாமாகவே வந்து கூடுதற்குரிய நிகழ்தகவு யாது? அங்ஙனங் கூடாமைக்கே ஏறத்தாழ 500,000 க்கு 1 என்ற அளவில் இடமுண்டு எனக் கணித்தார் மிச்செல். ஆகவே ஈர்ப்பினாலோ வேறொரு நியதியினாலோ அவை பிணைக்கப்பட்டுள்ளன என்பது அவர் முடிபு. ஒரு மீனின் தொலைவேனும் அளந்தறியப்படாத காலத்தில் இம்முடிபு எட்டப்பட்டது. பின்வந்தோர் சிலர் இக்கணிப்பு முறையைக் குறை கூறினர். 1956 இல் புள்ளிவிபரவியலறிஞர் ரொனால்ட் பிசர் அதனை மீளக் கணித்தபோது எண் சுருங்கியது. ஆயினும் முடிபு நிலைத்தது. புவியின் திணிவை அளத்தற்கு முறுக்குத் தராசை அமைத்தவரும் இவரே. 1793 இல் அவர் இறந்தமையால் கவண்டிசு என்பார் 1798 இல் அதனைக் கொண்டு அளவீட்டை நிறைவேற்றினார். மிச்செலின் பெயர் அவர் தகுதிக்கேற்பப் பரவவில்லை என்பதில் ஐயமில்லை.

நிகழ்தகவு காட்டியதைப் பின்னர் இயக்கமும் உறுதிசெய்தது. கார்த்திகை மீன்கள் நூறாண்டுக்கு ஏறத்தாழ 5 விகலை வீதம் ஒரே திசை நோக்கி நகர்கின்றன. மதியின் அகலத்தளவு நகர்தற்கு 36,000 ஆண்டு செல்லும். இவ்வொத்த இயக்கத்தைக் கண்ட யேர்மன் அறிஞர் மேட்லர், 1846 இல் அதற்கும் அப்பாற் சென்று, கூட்டத்து நடுமீனாகிய அல்சியோனே விண்மீனுலகம் முழுவதற்கும் நடுவென உரைத்தார். நோக்கியது மெய், முடிபு பொய். பால்வீதியின் நடு உள்ளது தனுராசித் திசையில்.

கூட்டம் மெய்யானது என்பதன் பயன் 1911 இல் வெளிப்பட்டது. ஒரு கூட்டத்து மீன்கள் யாவும் ஏறத்தாழ ஒரே தொலைவில் நிற்பனவாதலால், ஒளியில் அவற்றிடைக் காணும் வேற்றுமை மெய்யான வேற்றுமையே. இதனைக் கொண்டு எர்ட்ஸ்பிருங் என்பார் கார்த்திகை மீன்களின் ஒளியையும் நிறத்தையும் வரைபில் ஒப்பிட்டார். ஒளிமிக்க நீலமீன்கள் விரைவில் எரிபொருள் தீர்வன. அவை இன்னும் நின்று நிலவுதலின் இக்கூட்டத்தின் வயது 10 கோடி ஆண்டுக்குச் சற்றே மேல் என இன்று கொள்ளப்படுகின்றது. ஞாயிற்றின் வயது 460 கோடி ஆண்டு.

தொலைவு பற்றியோ அண்மைக்காலத்திலும் பிணக்கெழுந்தது. மீன்களின் ஒளிக்கொள்கையிலிருந்து ஏறக்குறைய 435 ஒளியாண்டு எனப் பெறப்பட்டிருக்க, இப்பாக்கசு என்னும் ஐரோப்பியச் செய்மதியின் அளவைகள் 1997 இல் ஏறக்குறைய 385 ஒளியாண்டு என்றன. செய்மதி கூறியது மெய்யாயின், இம்மீன்கள் கொள்கை கூறுவதினும் ஒளி குன்றியனவாதல் வேண்டும். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிக் கற்றவை பலவும் ஆட்டங்காணும். கண்டங்களிடை அமைந்த வானொலித் தொலைகாட்டிகளை ஒருங்கிணைத்து 2014 இல் அளந்தபோது 444 ஒளியாண்டு எனப் பெறப்பட்டது. பின்னர் கையா என்னும் செய்மதியின் அளவைகளும் அதனோடு இசைந்தன. கொள்கை பிழைத்தது, பழைய செய்மதியின் அளவையே வழுவியது. இத்தொலைவின்படி, மெஸ்ட்லின் தம் படத்தை வரைந்த காலத்தையொட்டிக் கார்த்திகையை விட்டுப் புறப்பட்ட ஒளியே இந்நாளிற் கண்களை வந்து சேர்கின்றது.