மூன்று மொழிக் கல்லும் தென்முனைத் திருவிழாவும்

நம் நாட்டிலே ஊர்காணப் புறப்படுவோரை இரு வகையினராகப் பிரிக்கலாம். ஒரு சாரார் திருவிழாக் காலம் நோக்கிப் பயணஞ் செய்பவர். நல்லூரிலே கொடியேறிற்று, கதிர்காமத்திலே ஆடித் திருவிழா தொடங்கிற்று, கண்டியிலே பெரஹரா வீதிவலம் வருகின்றது என்று கேட்டால் அவர்கள் வீட்டில் இருப்புக்கொள்ளார். மற்றொரு சாரார் நூதனசாலைகளையும் பழைய இடிபாடுகளையும் தேடிச் செல்பவர். முன்னவர் நூதனசாலையை உயிரற்ற பழம்பொருட்கூடம் என்பர். பின்னவர் திருவிழாவை வெறுஞ் சனநெருக்கம் என்பர். இவ்விருவரும் ஒருவர் வழியில் மற்றவர் செல்வது அரிது. சென்றால் இருவர்க்கும் பயனுண்டு என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்க விரும்புகின்றேன். கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் இருக்கின்றது. இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையில் ஆண்டுதோறும் ஒரு விழா நடைபெறுகின்றது. கல்லைக் காணாதவர்க்கு விழாவின் பழமை விளங்காது. விழாவைக் காணாதவர்க்குக் கல்லின் பொருள் விளங்காது.

முதலில் கல்லைக் காண்போம். கறுவாத்தோட்டத்திலே பரந்த புற்றரைக்கு நடுவே வெண்மாளிகையாய் விளங்கும் கொழும்பு நூதனசாலை, தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் முயற்சியால் எழுந்தது. பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜே. ஜி. ஸ்மிதர் அதன் அமைப்பை வரைந்தார். வாப்புச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் பெருமகன் அதனைக் கட்டி முடித்தார். 1877 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் தேதி அது திறந்து வைக்கப்பட்டது. அரியணையும் முடியும், வெண்கலப் படிமங்களும், கல்வெட்டுகளும் அங்கே பலவுள. அவற்றுள்ளே நாலே முக்காலடி உயரமும், இரண்டரையடி அகலமும், ஐந்தங்குலத் தடிப்புமுள்ள பலகைக்கல் ஒன்றன் எதிரே சிறிது நேரம் நிற்குமாறு நேயர்களை வேண்டிக்கொள்வேன். அதன் தலைப்பில் இரண்டு சீனத்து நாகங்கள் எதிரெதிரே செதுக்கப்பட்டுள்ளன. கீழே மூன்று மொழிகளில் எழுத்து. வலப்புறம் சீனம், இடப்புறத்தின் மேற்பகுதியில் தமிழ், அதன் கீழே பாரசீகம்.

இக்கல் கிடைத்த வரலாறு வியப்புக்குரியது. 1911 ஆம் ஆண்டில் காலி நகரத்திலே தெருவோரக் கான் ஒன்றன் மதகுக்கு மூடுகல்லாக அது கிடந்தது. பேரரசன் ஒருவன் பொறிப்பித்த சாசனத்தின்மேல் மாட்டு வண்டிகளும் மனிதரும் ஏறி இறங்கிச் சென்றுகொண்டிருந்தனர். பொறியியலாளர் ஒருவர் கண்ணில் அது பட்டமையால் காப்பாற்றப்பட்டது. 1913 இல் எட்வேட் டபிள்யூ. பெரேரா இக்கல்லைப் பற்றி எழுதி அறிஞருலகிற்கு அறிமுகஞ் செய்தார். பின்னர்ப் பேராசிரியர் பரணவிதான அதன் தமிழ்ப் பகுதியை ஆராய்ந்து வெளியிட்டார்.

சாசனத்தின் காலம் சீனப் பேரரசன் யொங்லோவின் ஏழாம் ஆட்சியாண்டு, அதாவது 1409 ஆம் ஆண்டு. அப்பேரரசன் செங் ஹே என்னுந் தளபதியின் தலைமையில் மாபெருங் கப்பற்படைகளை இந்து சமுத்திரத்துக்கு அனுப்பினான். செங் ஹே முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். அவர் தமது மூன்றாவது பயணத்திற் கொண்டுவந்து நாட்டிய கல் இது. கடற்பயணத்தில் ஏதமின்றிக் காத்தமைக்கு நன்றியாகக் காணிக்கைகள் செலுத்தப்பட்டதை இது கூறுகின்றது. அக்காணிக்கைகள் யாருக்கு? இங்கேதான் இக்கல்லின் தனிச்சிறப்பு இருக்கின்றது. சீனப் பகுதி புத்த பெருமானுக்குச் செலுத்தியதாகக் கூறுகின்றது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயினாருக்குச் செலுத்தியதாகக் கூறுகின்றது. பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துபோயினும், அது இஸ்லாத்தின் வழியிற் செய்யப்பட்ட காணிக்கையைக் கூறுவதென்பது தெளிவு.

காணிக்கைப் பட்டியலைச் சீனப் பகுதியிற் காணலாம். பொன் 1,000, வெள்ளி 5,000, பல நிறப் பட்டு 50 சுருள், பொன்னிழை வேலைப்பாடுடைய கொடிகள், பித்தளைத் தூபக்கலங்கள், பூச்சாடிகள், பொற்றாமரைகள், சின் என்னும் சீன நிறையில் 2,500 அளவு நறுமண எண்ணெய். ஒரு சின் ஏறக்குறைய 600 கிராம் ஆகும். தமிழ்ப் பகுதியிலும் இதனையொத்த பட்டியலே காணப்படுகின்றது. மூன்று சமயத்தார்க்கும் மூன்று மொழியிலே பேசிய அரசன், ஒருவர்க்கு அள்ளியும் மற்றவர்க்குக் கிள்ளியும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இதனைக் கொண்டு அப்பேரரசனைச் சமரச ஞானி என்று புகழ்ந்துவிட அவசரப்படலாகாது. காணிக்கை கொடுத்த அதே பயணத்திலே செங் ஹே இந்நாட்டிற் போரும் புரிந்தார். அக்காலத்தில் ஆட்சியதிகாரம் படைத்திருந்த வீர அழகேசுவரனைச் சிறைப்பிடித்து 1411 இல் சீனத்துக்குக் கொண்டுசென்றார். ஒரு கையிற் பட்டும் ஒரு கையில் வாளுமாக வந்த வல்லரசு அது. கல்லிலே பட்டு மாத்திரம் எழுதப்பட்டிருக்கின்றது. கல்வெட்டைப் படிப்பவர் அதில் எழுதப்படாததையும் வேறு நூல்களில் தேடவேண்டும்.

இனி, தமிழ்ப் பகுதி குறிக்கும் தெனவரை எங்கேயுள்ளது? அதுவே மாத்தறைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய ஆறு கிலோமீற்றரில் உள்ள தேவேந்திரமுனை. சிங்கள மக்கள் அதனைத் தெவிநுவர, அதாவது தேவநகரம் என்பர். அங்கே உபுல்வன் என்னும் தெய்வத்தின் கோயில் இருந்தது. நீலோற்பல நிறத்தவன் என்பது அப்பெயரின் பொருள். காலப்போக்கில் அத்தெய்வம் விட்டுணுவோடு ஒன்றாகக் கருதப்பட்டது. ஆதியில் உபுல்வன் வருணனே என்று பேராசிரியர் பரணவிதான 1953 இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். அதனை ஏற்றவரும் உளர், மறுத்தவரும் உளர். பெயர் எதுவாயினும், கடலோரத்தில் நின்று மாலுமிகளைக் காத்த தெய்வம் என்பதிலே ஐயமில்லை.

அக்கோயிலின் சிறப்பைக் கண்ணாற் கண்டவருள் ஒருவர் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா. 1344 ஆம் ஆண்டளவில் அவர் அங்கே வந்தார். வணிகர் நிறைந்த பெருநகரம் அது என்றும், கோயிலிலே ஏறக்குறைய ஆயிரம் பிராமணரும் யோகியரும் இருந்தனர் என்றும், ஐந்நூறு மகளிர் இரவுதோறும் தெய்வத்தின் முன் ஆடிப் பாடினர் என்றும் எழுதி வைத்தார். ஆளுயரப் பொற்படிமத்தின் கண்களில் இரண்டு மாணிக்கங்கள் பதிக்கப்பட்டிருந்தன என்றும், அவை இராக்காலத்தில் விளக்கைப்போல ஒளிரும் என்று சொல்லக் கேட்டதாகவுங் குறித்தார்.

தமிழருக்கு நினைவிருக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டிலே தெவிநுவரப் பிரிவெனாவைச் சேர்ந்த பௌத்த துறவியார் ஒருவர் கோகில சந்தேசய என்னும் குயில்விடு தூதைச் சிங்களத்திற் பாடினார். அக்குயில் தென்முனையிலிருந்து புறப்பட்டுச் செல்லும் இடம் யாழ்ப்பாணம். அங்கே அப்போது ஆட்சி செய்த சபுமல் குமாரனிடம், அதாவது செண்பகப் பெருமாளிடம், அது தூது செல்கின்றது. நாட்டின் தென்னெல்லையையும் வடவெல்லையையும் ஒரு குயிலின் சிறகு இணைத்த காலமுண்டு என்பதை அந்நூல் காட்டுகின்றது.

இத்துணைச் சிறப்புடைய கோயில் 1588 இல் அழிந்தது. சீதாவாக்கை முதலாம் இராசசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். அவன் கவனத்தைத் திருப்பும்பொருட்டு, தோமே தெ சூசா என்னும் போர்த்துக்கேயத் தளபதி தென்கரைத் துறைகளைத் தாக்கினான். தேவேந்திரமுனைக் கோயிலைச் சூறையாடித் தீயிட்டான். போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ இதனைத் தம்மவர் வெற்றியாகவே எழுதியுள்ளார். ஆயினும், படிமங்களோடு கோயிலின் பெருந்தேரும் எரிக்கப்பட்டதென்று கூறுமிடத்தில், அத்தேரின் அழகை வியந்து பாராட்டாதிருக்க அவராலும் முடியவில்லை. அழித்தவர் பக்கத்தார் எழுதிய குறிப்பினாலேயே அங்கே தேர்விழா நடந்ததை நாம் அறிகின்றோம்.

தேர் எரிந்தது, விழா முற்றாக எரிந்துவிடவில்லை. இன்றும் எசல மாதத்திலே, அதாவது நமது ஆடி மாதத்தையொட்டி, தேவேந்திரமுனை விட்டுணு தேவாலயத்திற் பெரஹரா நடைபெறுகின்றது. பறையொலி முன்னே முழங்க, ஆடுநர் அணியணியாகச் செல்ல, யானைகள் தீப்பந்த வெளிச்சத்தில் நடந்துவரும். வீதியெங்கும் சந்தை கூடும். அதே பருவத்திற் கதிர்காமத்திலும் விழா நடக்கும். கண்டியிலே தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு நாதர், விட்டுணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்து வலம்வரும். ஆடிப் பூரணையை ஒட்டிய அந்நாட்களிலே நாடு முழுவதுமே வீதியில் இறங்கிவிட்டதோ எனத் தோன்றும்.

விழாக்காண வந்தவர், பகற்பொழுதில் அருகிலுள்ள மேட்டில் ஏறிக் கல்கே எனப்படும் சிறு கற்கோயிலையும் காணவேண்டும். முழுவதும் கல்லாலாகிய அக்கட்டிடம் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று தொல்பொருளாராய்ச்சியாளர் கருதுவர். அங்கே நின்றாற் கடல் தெரியும். 1890 இல் எழுந்த வெளிச்சவீடும் முனையிலே தெரியும். முன்னே தெய்வத்தை நம்பி வந்த மாலுமிக்குப் பின்னே அவ்விளக்கு வழிகாட்டிற்று.

இக்கல்லைக் குறித்து இந்நாட்டிலே எழும் ஒரு தடுமாற்றத்தையும் சொல்லவேண்டும். நூதனசாலைக்குச் செல்வோர் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை மாத்திரம் பார்த்துத் திரும்புவதுண்டு. தமிழர் தமிழைக் கண்டு பெருமிதங்கொள்வர். பௌத்தர் புத்தர் பெயரைக் கேட்டு மகிழ்வர். முஸ்லிம்கள் பாரசீக எழுத்தைத் தேடுவர். தமிழ் இருப்பதைக் கொண்டு அப்பகுதியைத் தமிழரே ஆண்டனர் என்று முடிவுகட்டுதல் பிழை. சாசனம் சீனத்திலேயே எழுதப்பட்டது. இந்து சமுத்திரத் துறைமுகங்களிலே எந்த மொழிகள் செல்லும் என்று சீனத்தார் எண்ணினரோ அம்மொழிகளையே தெரிந்தெடுத்தனர். தமிழ் வணிகரின் மொழியாகக் கடல்கடந்து விளங்கிற்று என்பதற்கு இது உறுதியான சான்று. அதுவே போதிய பெருமை. அதற்குமேல் கல்லின் வாயிற் சொல்லைத் திணித்தல் ஆகாது. அவ்வாறே, தமிழ் அங்கே வேற்றுமொழி என்று ஒதுக்கிவிட எண்ணுபவர்க்கும் அக்கல் இடங்கொடாது. மூன்று பகுதிகளையும் ஒருங்கே படிப்பவனுக்கே கல் தன் செய்தியைச் சொல்லும்.

ஆகவே, அடுத்த எசல மாதத்திற்கு முன் ஒரு நாளைக் கொழும்பு நூதனசாலைக்கென ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தேய்ந்த தமிழெழுத்துகளுள் ஒன்றிரண்டையாவது அவர்கள் தாமே எழுத்துக்கூட்டிக் கண்டுபிடிக்கட்டும். பின்பு கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து கரையோரப் பாதை வழியே மாத்தறைக்குப் பயணஞ் செய்யுங்கள். இடையிலே காலி நகரம் வரும்போது, மதகின்மேற் கிடந்த கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அந்திப்பொழுதில் தேவேந்திரமுனை வீதியோரத்தில் சனங்களோடு சனங்களாய் நில்லுங்கள். பக்கத்தில் நிற்கும் சிங்கள மூதாட்டியாரோடு, தெரிந்த மொழியிலே நாலு வார்த்தை பேசுங்கள். அவர் வணங்கும் தெய்வத்துக்கே அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழிலும் நன்றி எழுதப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். அதற்குச் சான்று கேட்டால், கொழும்பிலே நீங்கள் கண்டுவந்த கல் இருக்கின்றது.