மகேந்திரவர்மன் காலத்து ரெண்டு நாய்களும், எங்க தெரு மணியும்

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி பையனைக் கூட்டிக்கிட்டு வல்லம் போயிருந்தேன். செங்கல்பட்டுக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்துல இருக்கிற சின்ன ஊர். குன்றின் மேலே பல்லவர் குடைவரை இருக்கு. மாமல்லபுரத்துக்குக் கார் விடுற கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதே இல்ல.

படியில ஒரு நாய் நின்னுச்சு.

"மாமா, வாலாட்டுது பாருங்க, ஒண்ணும் செய்யாது"ன்னு கையை நீட்டிக்கிட்டுப் போனான் பையன். சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டேன். வால் ஆடினது நெசம்தான். ஆனா அது விறைப்பா மேலே நின்னு, நுனி மட்டும் படபடன்னு ஆடுது. வாய் இறுக்க மூடியிருக்கு. உடம்பு முன்னுக்குச் சாஞ்சிருக்கு. கண் இமைக்கல. நாங்க அதை முறைக்காம, பக்கவாட்டுல திரும்பி, அசையாம நின்னோம். ரெண்டு நிமிஷத்துல அதுவே இறங்கிப் போயிடுச்சு.

இந்தப் பாடத்தை நான் கத்துக்கிட்ட கதை அவ்வளவு நல்ல கதை இல்லீங்க. கடைசியில சொல்றேன். முதல்ல வரலாறு.

வல்லத்துக் குடைவரையைச் செய்வித்தவன் கந்தசேனன். வயந்தப்பிரியரசர் என்பவரின் மகன், மகேந்திரவர்மனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசன். அங்கே இருக்கிற தமிழ்க் கல்வெட்டே இதைச் சொல்லுது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இந்த மகேந்திரவர்மன் கல்லைக் குடைஞ்சதோட நிக்காம நாடகமும் எழுதினவர். 'மத்தவிலாசப் பிரகசனம்'னு பேரு, சமஸ்கிருதத்துல ஒரு அங்கதக் கூத்து. பல நூற்றாண்டு கழிச்சு 1917ல திருவனந்தபுரத்துல கணபதி சாஸ்திரி அதை அச்சுல கொண்டு வந்தார்.

கதை நடக்கறது காஞ்சிபுரத்துல. குடிபோதையில இருக்கிற ஒரு காபாலிகன் தன்னோட கபாலத்தைத் தொலைச்சுடறான். உள்ளே வறுத்த கறி இருந்துச்சு. அதனால எடுத்தது நாயா இருக்கணும், இல்லேன்னா பௌத்த பிக்குவா இருக்கணும்னு அவனுக்குச் சந்தேகம். அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கு தன் பாத்திரத்தைத் துணிக்குள்ள மறைச்சுக்கிட்டு வர்றார். போதாதா? மறைக்கிறான், அதனால திருடன்! ஊரைக் கூட்டி, சண்டை போட்டு, பஞ்சாயத்து வரைக்கும் போயிடுது. கடைசியில ஒரு பைத்தியக்காரன் கபாலத்தோட வர்றான். நாய்கிட்டேர்ந்து பிடுங்கினதாம்.

ஒருத்தர் கையை மறைச்ச ஒரே அடையாளத்தை வெச்சு முழு ஆளையும் எடை போட்டா என்ன ஆகும்கறதுதான் எனக்கு இதுல படற வேடிக்கை.

இது முதல் நாய். ரெண்டாவது நாய் அதே ராஜா காலத்துல, செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்ல இருக்கு. அங்கே ஒரு நடுகல். 1972ல வெளியான 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பு வந்தபிறகு அந்தப் பகுதிக் கற்கள் ஊரறிஞ்சதாச்சு. கருந்தேவக்கத்திங்கிற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டிருக்கான். கல்லுல அவன் உருவம், பின்னாலேயே ஒரு நாய். அந்த நாய்க்குத் தனியா கல்வெட்டு! பேரு கோவிவன். ரெண்டு கள்ளனைக் கடிச்சு, காவலா இருந்துச்சுன்னு பதிவு பண்ணியிருக்காங்க.

எனக்குப் பிடிச்சது அந்தக் கல்வெட்டோட கடைசிச் சொல். 'காத்திருந்தவாறு'. அதாவது, அது காத்து நின்ன விதம். வாலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பேரு என்ன, என்ன செஞ்சுது, எப்படி இருந்துச்சு, அவ்வளவுதான். ஒரு நாயை முழுசாப் பார்த்தவன் எழுதின வரி அது.

இந்தப் பார்வை தொண்டை நாட்டுக்காரங்களுக்கு நல்லாவே இருந்திருக்கு. வல்லத்துலேர்ந்து நாங்க அப்படியே மாமல்லபுரம் போனோம். பெரிய புடைப்புச் சிற்பத்துக்குக் கீழே ஒரு மான், பின்னங்காலால மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கும். பக்கத்துல கிருஷ்ண மண்டபத்துல, பால் கறக்கும்போது பசு திரும்பிக் கன்னை நக்கும். மாடு மேய்ச்சவனுக்கும் மானைப் பாத்தவனுக்கும்தான் இது வரும். அதே பாறையில பூனை ஒண்ணு கையைத் தூக்கித் தவம் செய்யுது, காலடியில எலிங்க. கவனிச்சீங்களா, பொய் சொல்ற அந்த ஒரு மிருகத்துக்கு மட்டும் சிற்பி மனுஷனோட தோரணையைக் கொடுத்துட்டான் :-)

நாய்க்கு அந்தப் பூனை வேஷம் தெரியாது. 1872ல டார்வின் உணர்ச்சிகளைப் பத்தி எழுதின புத்தகத்துல நாயோட ரெண்டு நிலையைப் படத்தோட பக்கத்துல பக்கத்துல காட்டியிருப்பார். பகையா வரும்போது உடம்பு விறைச்சு, தலை நிமிர்ந்து, வால் தூக்கி, முடி சிலிர்த்து நிக்கும். பாசமா வரும்போது உடம்பு தாழ்ந்து நெளியும். எல்லாமே நேரெதிர். 2007ல இத்தாலியில 30 நாய்களை வெச்சுப் பார்த்தாங்க. தன்னோட எஜமானைப் பார்த்தா வால் அதுக்கு வலப்பக்கமா அதிகம் சாய்ஞ்சு ஆடுது, மிரட்டற அந்நிய நாயைப் பார்த்தா இடப்பக்கமா. ஆக, வால் ஆடினா 'நான் இப்ப ஒண்ணை உணர்றேன்'னுதான் அர்த்தம். அது என்னங்கறதுக்கு மிச்ச உடம்பைப் படிக்கணும். தூக்கம் வராமலே கொட்டாவி விட்டா, சோறு இல்லாமலே உதட்டை நக்கினா, முகத்தைத் திருப்பிக்கிட்டா 'தள்ளிப் போ'ங்குது. கண்ணோட வெள்ளை ஓரத்துல தெரிஞ்சு, உடம்பு அப்படியே உறைஞ்சு போச்சுன்னா அதுதான் கடைசி எச்சரிக்கை.

இப்ப மணி கதை.

எனக்கு அப்ப 9 வயசு, கொளவாய் ஏரிப் பக்கம் வீடு. தெரு நாய் மணி ஒரு மீன் தலையைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. தடவலாம்னு குனிஞ்சேன். தின்னறதை நிறுத்துச்சு. உறைஞ்சு நின்னுச்சு. கண்ணோரம் வெள்ளை தெரிஞ்சுது. மெல்ல உறுமுச்சு. ஆனா வால் மெதுவா ஆடிக்கிட்டு இருந்துச்சே! நான் அதை மட்டும்தான் பார்த்தேன். கையில நல்ல கடி.

தொப்புளைச் சுத்தி 14 ஊசி. அதெல்லாம் பழைய காலம். இப்ப கையிலேயே சில ஊசிதான். கடிச்சா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணியில கழுவிட்டு, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். சின்னக் கீறல்தானேன்னு விடவே கூடாது, வெறிநோய் வந்தபிறகு வைத்தியம் பலிக்காது.

ஊசி வலி மறந்துடுச்சு. மறக்காதது, அன்னிக்குச் சாயங்காலம் தெரு ஆளுங்க மணியைத் தடியால அடிச்சே கொன்னதுதான். "சும்மா இருந்த பையனைக் கடிச்சுடுச்சு"ன்னு பேசிக்கிட்டாங்க. சும்மா இல்ல. அது நாலு தடவை சொல்லுச்சு, எனக்குப் படிக்கத் தெரியல. நானும் அன்னிக்கு வாயைத் திறக்கல. கோவிவனுக்குக் கல் நட்ட நாட்டுல மணிக்கு ஒரு சாட்சி கூட இல்ல.

வல்லத்துல பையனோட சட்டையைப் பிடிச்சு இழுத்தப்ப எனக்குள்ள ஓடினது இதுதான்.

சாயங்காலம் கடற்கரையில, படகு நிழல்ல ஒரு நாய் படுத்திருந்துச்சு. பையன் ஓடப் போனவன் நின்னுட்டான். கொஞ்ச நேரம் பார்த்தான். அது தலையைத் தூக்கி ஒரு கொட்டாவி விட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிச்சு.

"மாமா, அதுக்கு நாம வர்றது பிடிக்கல. வாங்க, அந்தப் பக்கமா போலாம்."

போனோம்.

உங்க ஊர்ப் பக்கம் நாய் செதுக்கின நடுகல் இருந்தா சொல்லுங்க, போய்ப் பாக்கணும்.