ஆடற்கோலம் உருவான வரலாறு

மலாக்கா மாநிலத்துப் பெம்பான் முதலிய தோட்டப்புற ஊர்களில் நிகழும் பள்ளி விழாக்களிலும் கோயில் விழாக்களிலும் அடிக்கடி காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. பட்டுடை அணிந்து, நெற்றிச்சுட்டி மின்ன, சலங்கை ஒலிக்க ஒரு சிறுமி மேடையேறுகிறாள். அரைமண்டியில் அவள் அமர்ந்ததும் முழங்கால்களுக்கிடையே பட்டு மடிப்புகள் விசிறிபோல் விரிகின்றன. அவையோர் மகிழ்ந்து கைதட்டுகின்றனர். "ஈராயிரம் ஆண்டுத் தொன்மை வாய்ந்த தமிழர் ஆடற்கோலம்" என்று ஒலிபெருக்கி முழங்குகிறது.

ஆடற்கலை தொன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சிறுமி அணிந்துள்ள உடையும் அத்துணைத் தொன்மையுடையதா? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவோர் வியப்பான உண்மை ஒன்றைக் காண்பர். அந்த உடை இன்றைய வடிவம் பெற்று நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. பல காலத்துப் பொருள்களும் பல நாட்டுத் தையல் முறைகளும் ஒன்றுகூட்டப்பட்டு உருவானது அது. அவ்வாறு கூட்டியவர் யார், கூட்டும்போது விட்டவை எவை, மறந்தவர் எவர் என்பதை அறிவது தமிழ் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் கடமையாகும்.

உடை கலந்து உருவாவது மலாக்கா மண்ணுக்குப் புதுமையன்று. சுல்தான்கள் ஆண்ட காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். அவர்தம் பெண்டிர் சாரோங்கும் கெபாயாவும் அணிந்து கோயிலுக்குச் செல்வர். வீட்டில் பேசுவது மலாய். வழிபடுவது விநாயகரையும் மாரியம்மனையும். உடை மாறியதால் அவர்கள் தம் சமயத்தை இழந்துவிடவில்லை. உடை என்பது ஒரு மக்கட்கூட்டம் நடந்துவந்த வழியின் சுவடேயன்றி வேறன்று. ஆடற்கோலத்தையும் இக்கண்கொண்டே நோக்குதல் வேண்டும்.

சிலம்பு காட்டும் அணிகள்

தமிழர் ஆடற்கலைக்கு முதற்பெரும் சான்று சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை வகுத்துரைக்கிறார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல் என அளவும் தருகிறார். மாதவி தலைக்கோலிப் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்ற செய்தியைக் கூறுகிறார். ஆயினும் அவள் அரங்கில் உடுத்திய ஆடையைப் பற்றி விரித்துரைத்தாரில்லை.

மாதவியின் கோலத்தைக் காண விழைவோர் கடலாடு காதைக்குச் செல்லவேண்டும். அங்கேதான் அடிமுதல் முடிவரை அவள் அணிந்தவை வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் அஃது அரங்கக் கோலமன்று. ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க அவள் புனைந்த கோலம். காலில் சிலம்பும் பாடகமும் சதங்கையும், இடையில் பூவேலை செய்த துகிலின்மேல் முப்பத்திரண்டு வடங்கொண்ட முத்துக்கோவை, தோளில் வளையம், கையில் வளைகள், விரலில் மோதிரங்கள், கழுத்தில் சங்கிலிகள், காதிலும் தலையிலும் அணிகள் என அப்பட்டியல் நீள்கிறது. இன்றைய ஆடல்மகள் அணியும் நத்தும் புல்லாக்கும் அதில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. மூக்கணி பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

தைத்த உடை பழந்தமிழர் அறியாததன்று. புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் துணி தைக்கும் துன்னகாரர் வாழ்ந்ததைச் சிலம்பே கூறுகிறது. எனினும் மாதவியின் துகில் உடுத்தப்பட்டதேயன்றித் தைக்கப்பட்டதாகச் சொல்லப்படவில்லை.

கோயிலும் சதிரும்

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் அளித்ததைக் கல்வெட்டு உரைக்கிறது. அக்கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931ஆம் ஆண்டு வெளிப்பட்டன. அவற்றில் ஆடும் மகளிர் உடலை ஒட்டிய மெல்லாடையும் நிறைந்த அணிகலன்களும் பூண்டு காட்சி தருகின்றனர். இன்றைய தையல் விசிறியை அவ்வோவியங்களில் காண இயலாது.

நாயக்கர் ஆட்சியும் அதன்பின் மராட்டியர் ஆட்சியும் தஞ்சையில் அமைந்தபோது ஆடற்கலை கோயிலோடு அரசவையிலும் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் ஆடல் நிகழ்ச்சியை இன்றைய வரிசையில் ஒழுங்குபடுத்தினர். சதிர் என்று வழங்கிய அவ்வாடலின் உடையைப் பழைய ஒளிப்படங்கள் காட்டுகின்றன. உள்ளே காற்சட்டை, அதன்மேல் சரிகை நிறைந்த நீண்ட சேலை சுற்றப்பட்டு, கொசுவம் முன்புறம் கொத்தாகத் தொங்கும். உடலில் இறுகிய ரவிக்கை, அதன்மேல் மேலாக்கு. காற்சட்டையைக் குறிக்கும் 'பைஜாமா' என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததாகும். ஆகவே தேவரடியார் அணிந்த கோலமும் கலப்பில் பிறந்ததே.

அக்கோலம் கடல் கடந்தும் சென்றது. 1838ஆம் ஆண்டு திருவேந்திபுரத்து ஆடல்மகளிர் ஐவர், இசைவாணர் மூவருடன் பாரிசுக்கும் இலண்டனுக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் அம்மணி என்பாளின் ஆடலைக் கண்ட பிரெஞ்சு எழுத்தாளர் தியோபில் கோத்தியே வியந்து எழுதினார். பார் என்னும் சிற்பி அவளுக்குச் சிறிய சிலை ஒன்று வடித்தார். தமிழ் ஆடல்மகள் ஒருத்தியின் உடையும் நிலையும் ஐரோப்பியர் கைவண்ணத்தில் இவ்வாறு பதிவு பெற்றன.

பெயரும் உடையும் மாறிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சதிருக்கு எதிரான இயக்கம் தோன்றியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தால் பெண்கள் பட்ட இழிவைக் கண்டு மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் போராடத் தொடங்கினார். அவ்வழக்கம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுற்றது. அப்போராட்டம் அறத்தின்பாற்பட்டது. ஆனால் வழக்கத்தின்மேல் வீசிய பழி கலையின்மேலும் விழுந்தது. கலையைக் காத்துவந்த பெண்டிர்மேலும் விழுந்தது. மறுபுறம், வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் தாமே பெண்கோலம் பூண்டு ஆடிக் கலையின் பெருமையை எடுத்துரைத்தார். 1930களில் சதிர் என்ற பெயர் பின்தங்கி, பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது.

இச்சூழலில் அரங்கேறியவரே 1904ஆம் ஆண்டு மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி. உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பால் ஆடலில் நாட்டங்கொண்ட அவர், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்றார். 1935ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் அடையாற்றில், பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரா தோன்றியது.

ருக்மிணி தேவி சதிரின் கனத்த உடையை ஏற்கவில்லை. கோயிற் சிற்பங்களின் கோலத்தை மனத்திற்கொண்டு, அடையாற்றில் வாழ்ந்த கசான் என்னும் இத்தாலியப் பெண்மணியின் தையல்திறனைத் துணைக்கொண்டு, தைத்த உடையை அமைத்தார். சிற்பத்தின் தோற்றம் தமிழகத்தது, வெட்டித் தைக்கும் நுட்பம் ஐரோப்பியரது, பட்டு நெசவாளரது. பொருத்தமான கைத்தறித் துணிகளுக்காகவே 1937ஆம் ஆண்டு கலாக்ஷேத்திராவில் நெசவுக்கூடமும் தொடங்கப்பெற்றது.

அனைவரும் அப்புதுக்கோலத்தை ஏற்றுக்கொண்டாரல்லர். தஞ்சை இசைமரபில் வந்த பாலசரஸ்வதி (1918–1984) இறுதிவரை சேலையைச் சுற்றி உடுத்தும் பழைய முறையிலேயே ஆடினார். 1976ஆம் ஆண்டு சத்யஜித் ரே எடுத்த ஆவணப்படத்தில் அக்கோலத்தை இன்றும் காணலாம். ருக்மிணி தேவிக்கு உடை, கலையை இழிவிலிருந்து மீட்கும் கருவி. பாலசரஸ்வதிக்கோ உடை, தம் பாட்டியரும் தாயும் காத்துத் தந்த உரிமை. மீட்கப்படவேண்டிய இழிவு அதில் எதுவும் இல்லை. இவ்விரு நோக்குகளுக்கிடையே நிகழ்ந்தது வெறும் துணிவழக்கன்று. கலை யாருடையது என்னும் வழக்கே அது.

கோலத்தின் உறுப்புகள்

இன்றைய ஆடலுடை பெரும்பாலும் ஒரு பட்டுச் சேலையிலிருந்தே பிறக்கிறது. சேலையின் கரை காலோரத்தில் வருமாறும், முந்தானை மேலாக்காகவோ விசிறியாகவோ அமையுமாறும் தையற்காரர் வெட்டுகிறார். காற்சட்டை, இடுப்புத்துண்டு, விசிறி, ரவிக்கை, மேலாக்கு எனத் துண்டுகள் பிரிகின்றன. அரைமண்டியில் துணி இழுபடாதிருக்க அளவு அறிந்து தைத்தல் வேண்டும். விசிறி மடிப்புகள் நிற்கையில் ஒடுங்கி, அமர்கையில் விரிதல் வேண்டும். இஃது அழகு மட்டுமன்று. பார்வையாளர்க்கு முழங்காலின் விரிவைத் தெளிவாகக் காட்டும் அளவுகோலுமாகும்.

தலையில் நெற்றிச்சுட்டி, வகிட்டின் இருபுறமும் சூரியனும் பிறையும், பின்னே ராக்குடி, சடைநாகம், நுனியில் குஞ்சலம், காதில் ஜிமிக்கியும் மாட்டலும், கழுத்தில் அட்டிகையும் மாங்காய் மாலையும், தோளில் வங்கி, இடையில் ஒட்டியாணம். செந்நிறக் கெம்புக்கல் பதித்த இந்நகைகள் முதலில் தெய்வத் திருமேனிகளுக்கென அமைந்தவை. நாகர்கோவிலை அடுத்த வடசேரிக் கைவினைஞர் இவற்றுக்குப் பெயர்பெற்றவர்கள். பொன்னில் இருந்த நகை, பின்பு பொன்முலாம் பூசிய வெள்ளிக்கும், அதன்பின் மலிவான போலி நகைக்கும் இறங்கிவந்தது. காலில் தோற்பட்டையில் கோத்த சலங்கை மட்டும் ஆசிரியரின் வாழ்த்தோடு அணியப்படுகிறது.

பிறநாட்டு ஒப்புமை

இத்தகைய கூட்டுக்கோலம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. எகிப்து முதலிய நாடுகளின் இடையசைவு ஆட்டத்தை உலகம் 'பெல்லி நடனம்' என்று வழங்குகிறது. மார்க்கச்சும் இடைக்கச்சுமாக மின்னும் அதன் ஈருடுப்பை உலகம் பண்டைக்காலத்தது என்று கருதுகிறது. உண்மையில் அது 1926ஆம் ஆண்டு பதியா மசாப்னி கெய்ரோவில் தொடங்கிய கேளிக்கை அரங்கு போன்ற மேடைகளின் வழியே பரவிய புதுக்கோலம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1968ஆம் ஆண்டு ஜமீலா சலிம்பூர் 'பால் அனத்' என்னும் குழுவை அமைத்தார். அவ்வழியில் கரோலினா நெரிச்சியோ 1987ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய குழு, 'பழங்குடிப் பாணி' என்னும் ஆட்டமுறையை வளர்த்தது. அதன் உடையில் இராசத்தான், குசராத்து மகளிர் அணியும் முதுகு திறந்த சோளி உண்டு. கண்ணாடி பதித்த பூத்தையல் உண்டு. ஆப்கானிய நாடோடி மக்களின் வெள்ளி நகையும் நாணயக்கோவையும் உண்டு. பல முழம் சுற்றளவுள்ள பாவாடையும் தலைப்பாகையும் உண்டு. ஆனால் இவையனைத்தையும் ஒருங்கே அணிந்த பழங்குடி எங்கும் இருந்ததில்லை. அக்கோலத்தை ஆக்கியோர் அதனை மறைக்கவுமில்லை. அமெரிக்கப் பாணி என்றே பெயரிட்டனர். எனினும், கண்ணாடி பதித்துத் தைத்த சிற்றூர்ப் பெண்ணின் பெயர் எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை. கோலத்தைக் கூட்டியவர் பெயர் நிலைக்கிறது. உறுப்புகளை ஆக்கியவர் பெயர் மறைகிறது. தமிழர் ஆடற்கோலத்திற்கும் இக்குறை பொருந்தும்.

தோட்டத்துச் சிறுமியும் தைத்த உடையும்

மலேசியத் தமிழர்க்கு இவ்வரலாறு எவ்வகையில் தொடர்புடையது? சதிர்க்காலக் கோலம் பூணப் பொன்னகை வேண்டும். பல முழச் சேலையை ஆட்டத்தில் குலையாமல் சுற்றிவிட, மரபறிந்த மூத்தோர் வீட்டில் வேண்டும். கூலிக்குக் கப்பலேறி வந்து, விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற குடும்பங்களுக்கு இவ்விரண்டும் எட்டாதவை. தைத்த உடையோ மடித்துப் பெட்டியில் அடங்கும், கடல் கடக்கும், சிறிது நேரத்தில் அணியத்தக்கது, அக்காள் வளர்ந்தபின் தங்கைக்கும், தங்கைக்குப்பின் அண்டைவீட்டுச் சிறுமிக்கும் உதவும். போலி நகையும் அவ்வாறே. அடையாற்றில் உயர்குடி அரங்குக்கென அமைந்த உடை, தோட்டத்துப் பிள்ளைக்கும் மேடையைத் திறந்துவிட்டது. உடையின் தொன்மையன்று, அதன் புதுமையே ஆடற்கலையைப் பெம்பான் வரை கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

கோலாலம்பூரில் 1981ஆம் ஆண்டு நுண்கலைக் கோயில் தோன்றியதும், 1983ஆம் ஆண்டு ராம்லி இப்ராகிம் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கியதும் இக்கலையின் எல்லையை மேலும் விரித்தன. மலாய்க்காரர் ஒருவர் தமிழகத்து ஆசானிடம் பயின்று, அக்கலையை உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். சாரோங் அணிந்து சிவனை வணங்கும் செட்டிமார் வாழும் நாட்டில் இது வியப்புக்குரியதன்று.

ஆதலின், மேடையில் நிற்கும் சிறுமியின் உடையைத் தொன்மை என்று புனைந்துரைக்க வேண்டியதில்லை. அவ்வாறு உரைப்பது மூன்று வகையில் இழப்பாகும். மாதவியின் அணிகளுக்கும் இன்றைய கோலத்துக்கும் இடையே ஓடிய ஆயிரமாண்டுகளைக் கடந்த காலம் மறைந்துபோகிறது. கலையை உடலில் தாங்கி, பின்னர் அதற்காகவே இழித்துரைக்கப்பட்ட ஆடல்மகளிர் மறைந்துபோகின்றனர். நெய்தவரும் தைத்தவரும் கல் பதித்தவரும் மறைந்துபோகின்றனர். உண்மையை உரைத்தால் பெருமை குன்றுமோ என்னும் அச்சம் வேண்டா. பாரசீகக் காற்சட்டையும், இத்தாலியப் பெண்மணியின் தையலும், தமிழ்நாட்டுப் பட்டும், வடசேரிக் கெம்பும், தேவரடியாரின் அடவும் ஒரு சிறுமியின் உடலில் ஒன்றி நிற்பது எளிய செய்தியன்று. அடுத்த விழாவில் ஒலிபெருக்கியின் முன் நிற்கும் ஆசிரியர் இதனைச் சில சொற்களில் எடுத்துரைப்பாராயின், சலங்கை ஒலியில் அம்மணியின் பெயரும் சேர்ந்து ஒலிக்கும்.