ஆமையை எங்கே விடுவது?

1826ஆம் ஆண்டில் அம்பாந்தோட்டைக்கு அருகே பிடிபட்ட அழுங்காமை ஒன்றின் துடுப்பில் ஒரு வளையம் காணப்பட்டது. ஆமைகள் முட்டையிட மீண்டும் மீண்டும் அதே கரைக்குத்தான் வருகின்றனவா என்பதை அறிவதற்காக, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் மாட்டிவிட்ட வளையம் அது. இடையில் 1796இல் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்துவிட்டனர். ஆமை அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1845 முதல் 1850 வரை இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் ரெனன்ற், இச்செய்தியைத் தமது நூலில் பதிந்து வைத்திருக்கிறார்.

அல்லைப்பிட்டியில் பிறந்து இப்போது ரொறொன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் கேட்ட கேள்வியே இதை எனக்கு நினைவூட்டியது. ஊரில் தனித்திருக்கும் அவருடைய பெரியம்மா பல ஆண்டுகளாக ஓர் ஆமையைச் சீமெந்துத் தொட்டியில் வளர்த்து வருகிறார். முதுமையினால் இனிப் பராமரிக்க இயலாது. "கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கிறது. கொண்டுபோய் விட்டால் தன்பாட்டில் போய்விடும்தானே?" என்றார் நண்பர். 1990இலும் 2006இலும் போரினால் இடம்பெயர்ந்த ஊர் அது. அடைபட்ட உயிரொன்றை அதன் இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் அவ்வூரவருக்கு எழுவதில் வியப்பில்லை. ஆனால் கடல் அதன் இடந்தானா?

இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. அவற்றைத் தவிரப் பாலாமை, கறுப்பு ஆமை என்னும் நன்னீர் ஆமைகளும், தரையில் வாழும் நட்சத்திர ஆமையும் நம் நாட்டுக்கு உரியவை. கடலாமைக்குக் கால்கள் துடுப்புகளாக இருக்கும். மற்றவற்றுக்கு நகமுள்ள கால்கள். வீட்டுத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வாழ்வது பெரும்பாலும் நன்னீர் ஆமையே. அதை உவர்நீரில் விடுவது மெல்லக் கொல்வதற்குச் சமம். நட்சத்திர ஆமைக்கோ நீந்தவே தெரியாது, அது மூழ்கிவிடும். கடற்கரையில் கண்ணீர் மல்க நடத்தப்படும் பல விடுதலைகள் இவ்வாறுதான் முடிகின்றன.

ஆமை என்றதும் நமக்குக் கடல் நினைவுக்கு வருவதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. தப்ரபேன் எனப்பட்ட நம் தீவிலிருந்து இந்தியச் சந்தைகளுக்குப் போன பொருட்களில் யானைத் தந்தத்துடன் ஆமையோட்டையும் கிரேக்கரான ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடும் அதைச் சொல்கிறது. இங்குள்ள ஆமைகளின் ஓடு ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டுக்குக் கூரையாகும் அளவு பெரியது என்று எழுதினார் ரோமரான பிளினி. மாலுமிகளின் கதைகளுக்கு வரி கிடையாது!

ரெனன்ற் கண்டவை கதைகள் அல்ல. யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை மல்லாத்தி, அடியோட்டை அகற்றி, இதயம் துடித்துக்கொண்டிருக்கையிலேயே இறைச்சியைத் துண்டு துண்டாக விற்றதை அவர் அருவருப்புடன் விவரிக்கிறார். தென்கரையில் நடந்தது இதைவிடக் கொடியது. இறந்த ஆமையின் ஓடு நிறம் மங்கிவிடும் என்பதால், முட்டையிட வந்த அழுங்காமையை உயிருடன் நெருப்புக்கு மேல் தொங்கவிட்டார்கள். சூட்டில் ஓட்டுத் தகடுகள் கழன்றதும் அதை மீண்டும் கடலுக்குள் போக விட்டார்கள். ஆமையை விடுவித்ததற்கு நம் நாட்டில் எழுதப்பட்ட பழைய சாட்சியங்களில் இதுவும் ஒன்று. விட்டவர்களுக்கு இரக்கம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

நன்னீர் ஆமையின் கதை வேறு. 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று பழமொழி சொன்ன அதே சமூகம், புழுபூச்சிகளைத் தின்று நீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று கிணற்றில் ஆமையை விட்டும் வைத்தது. தீவகத்தில் நன்னீரே அரிது. சுண்ணக்கல்லின் மேல், உவர்நீர் மீது மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையை நம்பியே கிணறுகள் இருக்கின்றன. கோடையில் குளங்கள் வற்றிவிடும். அல்லைப்பிட்டியில் ஒரு நன்னீர் ஆமைக்கு இடம் தேடுவது, அங்கே ஒரு குடும்பத்துக்குக் குடிநீர் தேடுவதைப் போன்றது.

இரக்கத்தினால் நேரும் தீங்குக்கு அமெரிக்காவின் மொஹாவே பாலைவனம் உதாரணம். அங்குள்ள பாலைவன ஆமைகளிடையே சுவாச நோய் பரவி, 1990இல் அவை அழிவாபத்துள்ள இனமாக அறிவிக்கப்பட்டன. வீடுகளில் வளர்த்துப் பின்னர் விடப்பட்ட ஆமைகள் மூலமும் அந்நோய் பரவியிருக்கலாம் என்று ஆய்வாளர் ஐயுற்றனர்.

மறுபுறம் யோஷி இருக்கிறது. 1997இல் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று தென்னாபிரிக்காவின் கேப் டவுனுக்குக் கொண்டுவந்த இப்பெருந்தலைக் கடலாமை, இருபது ஆண்டுகள் நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தில் வளர்ந்தது. நெடுந்தூரம் நீந்தப் பல மாதங்கள் பழக்கி, செய்மதிக் கருவி பொருத்தி, 2017 டிசம்பரில் அதைக் கடலில் விட்டார்கள். ஏறத்தாழ 37,000 கிலோமீற்றர் நீந்தி 2020இல் அது அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையை அடைந்தது. நெடுங்காலம் வளர்ந்த ஆமை பிழைக்காது என்ற வாதம் எனக்கு அதற்குப் பிறகு வலுவாகத் தோன்றவில்லை. ஆனால் யோஷியை விட்டவர்கள் முதலில் அதைத் தயார்ப்படுத்தினார்கள்.

எனவே நண்பரிடம் ஓட்டின் படத்தையும் காலின் படத்தையும் அனுப்பச் சொன்னேன். வந்தவை பாலாமையின் படங்கள். இலங்கைப் பாலாமை தனி இனம் என்று 2011இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆகவே அக்கரையிலிருந்து யாரேனும் கொண்டுவந்த பாலாமையை நம் குளத்தில் விடுவதும் தவறாகும். வளர்ப்புப் பிராணிக் கடைகளில் விற்கும் அமெரிக்கச் சிவப்புக்காது ஆமையை எந்த நாட்டுக் குளத்திலும் விடவே கூடாது. லண்டனிலும் பாரிஸிலும் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர்கள் கவனிக்கவும்.

பெரியம்மாவின் ஆமை ஊர் ஆமைதான் என்றால் விடலாம் என்பதே என் முடிவு. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்து, நோயில்லை என்று மிருக வைத்தியர் பார்த்த பின்னர், முன்பு அது பிடிபட்ட குளத்திலேயே விடவேண்டும். எந்தக் குளம் என்பதைப் பெரியம்மாதான் சொல்ல வேண்டும். கார்த்திகை மழைக்கு முன்னர் குளத்தில் நீர் இராது. அதுவரை தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொடுக்க அயல்வீட்டுப் பையன் ஒருவனை ஒழுங்கு செய்திருக்கிறார்கள்.