பாகங்களை மாற்றலாம் என்ற வாக்குறுதி: மடிக்கணினியின் ஒரு சின்ன வரலாறு

சித்தியின் மகள் செப்டெம்பரில் மாஸ்டர்ஸ் தொடங்குகிறாள். "அக்கா, பாகங்களை நாங்களே மாற்றலாம் என்று ஒரு லப்டொப் விற்கிறார்கள். விலை கொஞ்சம் கூட. வாங்கட்டுமா?" என்று கேட்டாள். உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும். இதே வாக்குறுதியை முன்பும் சிலர் கொடுத்திருக்கிறார்கள். அது எப்போது நிலைத்தது, எப்போது உடைந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டது. அதற்குள் கூடுதல் கார்டுகளைச் செருக 5 இடங்கள் இருந்தன. மின்சுற்று வரைபடங்களையும் கையேடாக அச்சிட்டு விற்றார்கள். அதனால் வேறு நிறுவனங்களும் அதற்குப் பொருந்தும் கார்டுகளைச் செய்தன. 1987இல் ஐபிஎம் மனம் மாறியது. பிஎஸ்/2 வரிசையின் பல கணினிகளில் மைக்ரோ சனல் என்ற புதிய இணைப்பைக் கொண்டுவந்தது. பழைய கார்டுகள் அதில் பொருந்தவில்லை; மற்றவர்கள் அதைப் பயன்படுத்த உரிமம் பெற வேண்டியிருந்தது. 1988இல் கொம்பக் உட்பட 9 நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, பழைய கார்டுகளையும் ஏற்கும் வேறொரு இணைப்பை அறிவித்தன. மைக்ரோ சனல் சந்தையைப் பிடிக்கவே இல்லை. பழையதை ஏற்காத புதியதை மக்கள் விரும்பவில்லை.

மடிக்கணினியில் கதை வேறு. 1990களில் பற்றரியைக் கழற்றலாம். அடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்து ரேம் சேர்க்கலாம். கிராபிக்ஸை மாற்றுவதுதான் கடினம். அதற்காக 2004இல் என்விடியா எம்எக்ஸ்எம் என்ற பொது வடிவத்தை அறிமுகப்படுத்தியது. ஆனால் கார்டின் அளவும், ஆணித் துளைகளும், சூட்டை வெளியேற்றும் அமைப்பும் கணினிக்குக் கணினி மாறின. இணைப்பு ஒன்றாக இருந்தும், புதிய கார்ட் பழைய கணினியில் பொருந்தும் என்று நம்ப முடியவில்லை.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு கடித உறைக்குள் இருந்து மக்புக் எயாரை எடுத்துக் காட்டினார். அதன் 2 ஜிபி ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. மெல்லிய கணினிகள் பெருக, இந்த வழக்கமும் பெருகியது. இதற்குப் பேராசை மட்டும் காரணம் அல்ல. பற்றவைத்த எல்பிடிடிஆர் வகை ரேம் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும். சிப்புக்கும் ரேமுக்கும் இடையிலான தூரம் குறைவு. ஆனால் வாங்கும் நாளில் 8 ஜிபி எடுத்தவர் கடைசி நாள் வரை 8 ஜிபியோடுதான் இருக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் 2021இல் ஃபிரேம்வர்க் வந்தது. 2022இல் அடுத்த தலைமுறை இன்டெல் சிப் வந்தபோது, புதிய மதர்போர்டைத் தனியாக விற்றார்கள். பழைய உடலில் அது பொருந்தியது. 2025இல் வந்த ஏஎம்டி ரைசன் ஏஐ 300 போர்டும் 2021இன் உடலில் பொருந்துகிறது. ஆனால் முதல் மொடலின் டிடிஆர்4 ரேம் அதில் ஓடாது. டிடிஆர்5 வாங்க வேண்டும். 2024 தொடக்கத்தில் வந்த 16 அங்குல மொடலில் கிராபிக்ஸும் கழற்றக்கூடியது. 2025இல் அதற்கு என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 பாகத்தை அறிவித்தார்கள். முதல் 16 அங்குல மொடலிலும் அதைப் பொருத்தலாம். எம்எக்ஸ்எம் காட்டிய ஆசை இங்கே ஒரு படி முன்னேறியிருக்கிறது. ஆனால் இது ஒரே நிறுவனத்தின் வடிவம். அந்த நிறுவனம் நிலைக்கும் வரைதான் பாகங்களும் கிடைக்கும்.

எனவே எந்தப் பிராண்டைப் பார்த்தாலும் 3 கேள்விகள் கேளுங்கள். ரேமும் எஸ்எஸ்டியும் செருகியவையா, பற்றவைத்தவையா? போன தலைமுறை வாங்கியவருக்கு இந்தத் தலைமுறைப் பாகம் பொருந்தியதா? அந்தப் பாகங்களை நீங்கள் வாழும் நாட்டுக்கு அனுப்புகிறார்களா?

ஏஐ படிப்பவர்களுக்கு இன்னொன்று. அந்த ஆர்டிஎக்ஸ் 5070 பாகத்தில் இருப்பது 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம். சின்ன மொடல்களைப் பரிசோதிக்கப் போதும். பெரியவற்றைப் பயிற்றுவிக்கப் போதாது. பெரும் காசைக் கிராபிக்ஸில் போடுவதற்கு முன், உங்கள் துறையில் மாணவர்களுக்கு ஜிபியு சேர்வர் இருக்கிறதா என்று சுப்பர்வைசரிடம் கேளுங்கள்.

தங்கச்சியிடம் நான் சொன்னது இதுதான்: "ஒரு வருசப் படிப்பு மட்டும் என்றால் கூடுதல் விலை கொடுக்காதே. ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றக்கூடிய சாதாரண லப்டொப் போதும். பிஎச்டி வரை போகும் எண்ணம் இருந்தால், 5, 6 வருசம் அதே கணினியோடு இருப்பாய். நடுவில் பற்றரி தேயும், ரேம் போதாமல் வரும். அப்போது நீ பாகத்தை மட்டும் வாங்குவாய், மற்றவர்கள் புதுக் கணினி வாங்குவார்கள். கொடுத்த கூடுதல் காசு அங்கேதான் திரும்பி வரும்."

அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. முதலில் சுப்பர்வைசருக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறாள்.