கோடாக்கன்பிள்ளை வழக்கும் மலையக மக்களும்

1950ஆம் ஆண்டுக்குரிய வாக்காளர் இடாப்பில் தமது பெயரையும் சேர்க்குமாறு ருவன்வெல்லத் தொகுதியில் இந்தியத் தமிழர் ஒருவர் விண்ணப்பித்தார். அவர் இலங்கைப் பிரசை அல்லர் என்று கூறி உதவிப் பதிவு அதிகாரி மறுத்துவிட்டார். ஒருவரின் பெயரைப் பட்டியலில் எழுதுவதா, விடுவதா என்னும் இச்சிறு பிணக்கு, கொழும்பைக் கடந்து இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்றது. கோடாக்கன்பிள்ளை வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடுவது இதனையே. பிரசாவுரிமை பற்றிய பிணக்குகளில் நீதிமன்றங்கள் எவ்வாறு சிந்திக்கின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் நம் நாட்டு வரலாற்றில் இல்லை எனலாம்.

இவ்வழக்கின் வேர் பெருந்தோட்டப் பொருளாதாரத்தில் இருக்கிறது. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியத் தொழிலாளர் பருவத்துக்கு வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தபின் நிலைமை மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே குடும்பத்தோடு வந்து லயங்களிலே தங்கி வாழும் தொழிலாளர் தேவைப்பட்டனர். தோட்டங்களில் வாழ்ந்த இந்தியரில் நூற்றுக்கு 40 முதல் 50 வரையினர் நிரந்தரமாக இங்கு தங்கிவிட்டவர்கள் என்று 1928இலேயே டொனமூர் ஆணைக்குழு மதிப்பிட்டிருந்தது. 1939இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடைசெய்தது. அதன் பின் புதிய தொழிலாளர் கூட்டம் கடல் கடந்து வந்ததில்லை.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இம்மக்கள் தம் வாக்கின் வலிமையைக் காட்டினர். இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும், வேறு சிலரும் வெற்றி பெற்றனர். பிற தொகுதிகள் பலவற்றில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கிடைத்தன. அடுத்து வந்த சட்டங்களை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் வமிசாவழிப் பிரசையாவதற்குத் தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. இந்நாட்டில் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே 1897இல்தான். அதற்கு முன் தோட்டத்து லயத்திற் பிறந்த ஒரு தந்தைக்கு அத்தாட்சி எங்கே கிடைக்கும்? நாட்டுப்புறச் சிங்கள விவசாயி ஒருவரிடமும் அத்தாட்சி இல்லாதிருந்திருக்கலாம். ஆனால் அவரிடம் அதை எவரும் கேட்கப் போவதில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், பதிவு மூலம் பிரசையாவதற்கு ஒரு வழியைத் திறந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வதிந்திருக்க வேண்டும் என்பது அதன் பிரதான நிபந்தனை. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகளுக்கு மட்டுமே வாக்குரிமை உண்டு என்றது. ஒரு சட்டம் பிரசாவுரிமையைப் பறித்தது. மற்றொன்று பிரசாவுரிமை இல்லாதவரின் வாக்கைப் பறித்தது.

அன்று நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் தடைகளை விதித்து, பிற சமூகத்தவரை அத்தடைகளுக்கு உட்படுத்தாத சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று விதித்திருந்தது. வழக்கு முழுவதும் இப்பிரிவையே சுற்றிச் சுழன்றது. ருவன்வெல்ல விண்ணப்பத்தை மீளாய்வு செய்த அதிகாரி, மேற்கூறிய சட்டங்கள் இப்பிரிவுக்கு முரணானவை. ஆகவே செல்லுபடியாகாதவை என்று கண்டார். ஒரு கீழ்நிலை அதிகாரி பாராளுமன்றத்தின் சட்டத்தையே செல்லாதென்று கூறியமை சாதாரண விடயமன்று. ஆனால் 1951இல் உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. சட்டத்தின் வாசகம் தெளிவாக இருக்கிறது. அதில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. எல்லோருக்கும் ஒரே நிபந்தனைதான். வாசகத்துக்கு வெளியே சென்று விளைவுகளை ஆராயத் தேவையில்லை என்பதே அந்நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

கோமறைக் கழகத்தின் 1953ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதனினும் நுட்பமானது. நேராகச் செய்யக்கூடாததைச் சட்டசபை மறைமுகமாகவும் செய்யலாகாது என்பதை அது ஏற்றது. ஆணைக்குழு அறிக்கைகளையும், சட்டமியற்றியோர் அறிந்திருக்கக்கூடிய நிலைமைகளையும் நீதிமன்றம் கருத்திற் கொள்ளலாம் என்றும் கூறியது. வாசகத்துக்கு வெளியே பார்க்கும் கதவு இவ்வாறு திறந்தது. ஆனால் அக்கதவின் வழியே நீதியரசர்கள் எதனைக் கண்டனர்? இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கத்தைக் கண்டனர். அவ்வழக்கம் அவர்கள் பிரசைகளாகத் தக்கவர்களா என்னும் கேள்வியோடு தொடர்புடையதே தவிர, அவர்கள் ஒரு சமூகம் என்பதோடு தொடர்புடையதன்று என்றனர். தன் நாட்டினர் யார் என்பதை வரையறுப்பது சட்டசபையின் இயல்பான கடமை என்றும், பதிவுச் சட்டம் ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கிறது என்றும் கூறி மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தனர்.

எந்த நாடும் தன் பிரசைகள் யார் என்பதை வரையறுக்கத்தான் வேண்டும். வதிவு, பிறப்பு முதலான அளவுகோல்கள் தம்மளவில் தவறானவையுமல்ல. அவ்வளவில் கோமறைக் கழகத்தின் கூற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அளவுகோலைத் தேர்ந்தவர் யார், தேர்ந்தபோது அது யார்மீது விழும் என்பதை அறிந்திருந்தனரா என்பதே கேள்வி. தீர்ப்பு வழங்கப்பட்டபோது, புதிய தொழிலாளர் வருகை நின்று 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஊர்க்கோயில் திருவிழாவுக்கோ உறவினர் திருமணத்துக்கோ ஒருவர் இராமேசுவரம் வழியாகச் சென்று வருவதும், இருப்பிடமே இல்லாமல் அலைவதும் ஒன்றல்ல. கோப்பிக் காலத்தில் தோட்ட முதலாளியின் தேவைக்காக உருவான வழக்கம், தேயிலைக் காலத்தில் தொழிலாளியின் இயல்பாகக் காட்டப்பட்டது. உழைப்பைக் கொண்டுவந்த வர்க்கத்தின் நலன் அத்தீர்ப்பில் எங்கும் கேள்விக்குள்ளாகவில்லை.

திறந்திருந்ததாகக் கூறப்பட்ட வழியும் மிகக் குறுகியது. 1951 ஆகஸ்டு வரை கிடைத்த விண்ணப்பங்கள் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் குறித்தன. இறுதியில் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. மறுக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம் என்று சட்டம் கூறியது. நாட்கூலி பெறும் தொழிலாளி எத்தனை முறை கொழும்புக்கு வந்து அப்புக்காத்தரை அமர்த்த இயலும் என்பது பற்றிச் சட்டம் பேசவில்லை. 1952 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை.

இங்கு முற்போக்காளராகிய நாம் நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். 1948இல் இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்தன. கோடாக்கன்பிள்ளை வழக்கு எழுந்த ருவன்வெல்லவின் பிரதிநிதியாக அக்காலத்தில் இருந்தவரே லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா. ஆனால் 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைப் பங்கிட்டு ஒப்பமிட்டபோது, அதே பெரேரா அந்த அரசாங்கத்தின் நிதியமைச்சராக இருந்தார். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்றும், எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றும் எழுதப்பட்டது. அவர்கள் சார்பில் ஒப்பமிட ஒருவரும் அழைக்கப்படவில்லை. வாக்கற்ற தொழிலாளியை மறப்பது வாக்கை நம்பி வாழும் கட்சிக்கு எளிது என்பதை இதனாற் கற்றுக்கொள்கிறோம்.

அதே 1964இல் வேறொரு வழக்கில், லஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்னும் வழக்கில், 29(2)ஆம் பிரிவு இந்நாட்டுச் சமூகங்கள் தமக்குள் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின் அடிப்படை. அதனை மாற்றலாகாது என்று கோமறைக் கழகம் கூறியது. பதினோராண்டுகளுக்கு முன் தேவைப்பட்டவர்களுக்கு அந்தப் பிரிவு உதவவில்லை. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பில் அந்தப் பிரிவே இடம்பெறவில்லை.

நாடற்ற நிலை சட்டப்படி நீங்குவதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வரவேண்டியிருந்தன. இரண்டையும் இயற்றியது பாராளுமன்றமே. எந்த நீதிமன்றமும் அவற்றை வழங்கவில்லை. தோட்டங்களிலே தொழிற்சங்கமாய்த் திரண்டிருந்த மக்களின் இடைவிடாத அழுத்தமும், மெல்ல மெல்ல மீண்ட வாக்குப் பலமும் அவற்றுக்குப் பின்னால் இருந்தன. 1950இல் ஒரு பெயரை இடாப்பில் எழுத மறுத்த தவறைத் திருத்த இந்நாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கப்பலேறிப் போனவர்களின் பெயர்களை எந்தச் சட்டத்தாலும் மீண்டும் அந்த இடாப்பில் எழுத முடியவில்லை.

இன்று உலகெங்கும் குடிவரவு, புகலிடம், பிரசாவுரிமை பற்றிய வழக்குகள் நடைபெறுகின்றன. அவற்றைப் படிக்கும் மாணவர், சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அது கேட்கும் அத்தாட்சி யாரிடம் இருக்கும், யாரிடம் இராது என்றும் கேட்க வேண்டும். ருவன்வெல்லவின் மீளாய்வு அதிகாரி அக்கேள்வியைக் கேட்டார். அவருக்கு மேலிருந்த இரு நீதிமன்றங்களும் அதற்கு விடை கூறாமலே வழக்கை முடித்துவிட்டன.